பூனை மேல் பாசம் இருந்தால் பூனை நடத்தை ஆலோசகர் ஆகிவிடலாமா?

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "பிறந்ததிலிருந்து பூனைகளோடு வளர்ந்தவள் நான். பி.காம். முடித்து இரண்டு வருடம் ஆகிறது. பூனைகளின் நடத்தையைப் பார்த்து ஆலோசனை சொல்வதையே தொழிலாகச் செய்ய முடியுமா? என்ன படிக்க வேண்டும்? பூனை மேல் எனக்கு இருக்கிற பாசம் போதுமா?"

முடியும். ஒன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். வீடு கேரள எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறையில். எல்லைக்கு இந்தப் பக்கம் சித்தூர், பாலக்காடு, அந்தப் பக்கம் பொள்ளாச்சி, உடுமலை, கோவை வரை கூப்பிடுகிற வீடுகளுக்குப் போய் வருகிறேன். படிப்பு, சான்றிதழ், வருமானம் பற்றியெல்லாம் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் கடைசிக் கேள்வி. பாசம் மட்டுமே இருந்த காலத்தில் என் மடியிலேயே ஒரு பூனை செத்துப்போனது. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் பக்கம் பால் ஊர். அப்பா பால் சொசைட்டியில் கணக்கு எழுதினார், அவருக்குப் பிறகு அதே மேசையில் நான். விடிகாலை 5.30க்கு ஷட்டரைத் தூக்கும்போதே சுற்றுச்சுவர் மேல் ஏழெட்டுப் பூனைகள் காத்திருக்கும். கேன் மூடி திறக்கும் சத்தத்துக்கு எது முதலில் இறங்கும், எது கடைசி வரை சுவரிலேயே நிற்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். (வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் செரிக்காது, வயிறு போகும். பாலுக்கு நடுவிலேயே வளர்ந்த எனக்கு இதை ஏற்றுக்கொள்ள வெகுநாள் பிடித்தது. ஆசையாக ஊற்றுகிறவர்களிடம் இன்றும் தயங்கித்தான் சொல்கிறேன்.) ரிஜிஸ்டரில் உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) என்று கட்டங்கள் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவசரத்தில் ஒரு கட்டத்தில் "நல்ல பால்" என்று எழுதிவிட்டேன். அப்பா அதை அடித்துவிட்டு, "அம்மிணி, நல்ல பால்னு எழுதாத. ரீடிங் என்னவோ அதை எழுது" என்றார். அப்போது அது எனக்கு வெறும் கணக்குப் பாடமாகத்தான் பட்டது.

சின்னான் என்று ஒரு கடுவன் பூனை வைத்திருந்தேன். ஓணம் விடுமுறைக்கு அக்கா குழந்தைகளோடு வந்திருந்த வாரம், அவன் வீட்டின் மூலைகளில் போய்க் குந்த ஆரம்பித்தான். குளியலறை வாசல், அரிசி மூட்டை ஓரம், துணிக்கூடை என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. பிறகு உட்கார்ந்து நக்கிக்கொண்டே இருப்பான். குழந்தைகள் வந்ததில் அவனுக்குக் கோபம், என் மேல் பழி தீர்க்கிறான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். முதலில் அதட்டினேன். அப்புறம் மனது கேட்காமல் மடியில் வைத்துக் கொஞ்சினேன். இரண்டாம் நாள் வாந்தி எடுத்தான். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனபோது அடிவயிறு எலுமிச்சங்காய் போலக் கெட்டியாக இருந்தது. டாக்டர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார், நேரம் கடந்துவிட்டிருந்தது.

ஆண் பூனையின் மூத்திரக் குழாய் மிகவும் ஒடுக்கமானது. சளி போன்ற அடைப்போ பொடிக்கற்களோ அதில் சிக்கிக்கொண்டால் மூத்திரம் வெளியேறாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், ஒன்றிரண்டு நாட்களிலேயே இதயம் நின்றுவிடலாம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் பூனைகளின் மூத்திரப்பை அழற்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அந்த நோய்க்கும் பூனையின் மன நெருக்கடிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று காட்டியவர் அவர். ஆக, வீட்டில் கூட்டம் கூடியது அவன் உடம்பைப் பாதித்திருக்கலாம். அவன் என்னைப் பழிவாங்கவில்லை. வலியில் துடித்துக்கொண்டு இடம் தேடியிருக்கிறான். 'காலை 7.10, அரிசி மூட்டை ஓரம் குந்தினான், ஒரு சொட்டு. 7.25, குளியலறை வாசல், ஒன்றும் வரவில்லை' என்று நான்கு வரி எழுதி வைத்திருந்தால், படிக்கிற யாருக்கும் அன்றே விளங்கியிருக்கும். நான் மனதில் எழுதிக்கொண்ட ஒரே வரி 'கோபமாக இருக்கிறான்'. அப்பா அடித்துத் திருத்திய அதே தவறு.

இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த பெரிய விஷயம் இதுதான். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதப் பழக வேண்டும். பாசம் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கடினம், ஏனென்றால் நமக்குப் பூனையின் மனசு தெரியும் என்ற நம்பிக்கை நம்மிடம் மிக அதிகம்.

சின்னான் போன அடுத்த மாதம் சொசைட்டிச் சுவர்ப் பூனைகளை வைத்து நோட்டு போட்டேன். முதல் மூன்று வாரப் பக்கங்களை இப்போது பார்த்தால் 'பொறாமை', 'திமிர்', 'சோகம்', 'வெட்கம்' என்றுதான் இருக்கிறது. ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் அடித்துவிட்டு, அப்போது உண்மையில் கண்ணில் பட்டது என்ன என்று பக்கத்திலேயே எழுதிப் பார்த்தேன். 'திமிர்' என்று எழுதிய இடத்தில் மிஞ்சியது இவ்வளவுதான்: 'சுவர் முனையில் உட்கார்ந்திருந்தது. நான் இரண்டு எட்டு வைத்ததும் காது இரண்டும் பக்கவாட்டில் திரும்பின. முதுகுத்தோல் ஒரு தடவை சிலிர்த்தது. வால் நுனி மட்டும் இரண்டு விரல் அளவுக்கு அசைந்தது. நான் நின்றேன். வால் நின்றது.' இதில் திமிர் எங்கே இருக்கிறது? நான் நெருங்குவது அதற்குப் பிடிக்கவில்லை, நின்றதும் ஆறுதலாகிவிட்டது, அவ்வளவே. அந்தப் பூனையைத் தொடுவதற்கு எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. தொட்டபோது தானாக வந்து கன்னத்தை என் முழங்காலில் தேய்த்தது.

இதற்குத் தமிழில் சொற்களும் நாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் பூனையின் குணத்தைச் சொல்ல ஆயிரம் சொல் உண்டு, காது நிற்கிற நிலையைச் சொல்ல ஒன்றிரண்டுதான். நான் 'முன் காது', 'பக்கக் காது', 'படுத்த காது' என்று வைத்திருக்கிறேன். கேட்ட உடனே பாட்டிமார்களுக்குக்கூடப் புரிகிறது. எல்லை ஊரில் இன்னொரு வசதி. பழந்தமிழில் பூனைக்குப் 'பூசை' என்று ஒரு பெயர். இங்கே பக்கத்து வீட்டுச் சேச்சி 'பூச்ச' என்று கூப்பிடும்போது அந்தப் பழைய சொல்தான் காதில் விழுகிறது. ஒரே வீட்டில் மாமியார் தமிழிலும் மருமகள் மலையாளத்திலும் சொல்வதை ஒரே நோட்டில் எழுதுவேன். இருவரும் ஒரே பூனையைப் பற்றி வேறு வேறு கதை சொல்வார்கள். இரண்டிலும் பொதுவாக இருக்கும் வரிகளை அடிக்கோடிட்டுக்கொண்டு அங்கிருந்து தொடங்குவேன்.

இனி படிப்பு. விலங்குகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்ற அறிவியலே ஒரு வகையில் பூனையில்தான் தொடங்கியது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1898இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பசித்த பூனைகளை மரச்சட்டப் பெட்டிகளில் வைத்து, வெளியே மீன் துண்டை வைத்தார். கயிற்றை இழுத்தாலோ நெம்புகோலை மிதித்தாலோ கதவு திறக்கும். பூனை முதலில் எங்கெங்கோ பிறாண்டித் தற்செயலாகத் திறந்தது. மறுபடி மறுபடி வைக்க வைக்க, எடுத்துக்கொண்ட நேரம் குறைந்துகொண்டே வந்தது. நல்ல பலன் கொடுத்த செயலைப் பூனை திரும்பச் செய்கிறது. உங்கள் வேலையில் பாதி இதற்குள் அடங்கும். விடிகாலை 4 மணிக்குக் கத்தினால் சோறு விழுகிறது என்றால் நாளை 3.45க்குக் கத்தும். தண்ணீர் தெளித்து விரட்டுகிற வீட்டில், பூனை சோபாவைப் பிறாண்டுவதை விடாது, தெளிக்கிற ஆளைக் கண்டால்தான் ஒளியும்.

குட்டிப் பருவம் பற்றி நன்றாகப் படியுங்கள். 1980களில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் செய்த ஆய்வுகளிலிருந்து, ஏறக்குறைய இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை மனிதக் கை பழகிய குட்டிதான் பிறகு மனிதரோடு எளிதாக ஒட்டும் என்று தெரிந்தது. மாட்டுக் கொட்டகை வைக்கோலில் பிறந்து மூன்று மாதம் கழித்துப் பிடித்து வந்த பூனை மடியில் உட்காரவில்லை என்று வருத்தப்படுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். அது உங்களை வெறுக்கவில்லை, பழகும் பருவத்தில் உங்களை அது பார்க்கவே இல்லை. வலியை முகத்தில் படிக்க மான்ட்ரியல் பல்கலைக்கழகம் 2019இல் ஓர் அளவுகோல் வெளியிட்டது. காது, கண் இடுக்கம், மூக்கு வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசை, தலையின் நிலை என்று ஐந்து இடங்களுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். சொசைட்டி ரிஜிஸ்டரே பூனைக்கு வந்ததுபோல் இருந்தது எனக்கு. மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் பூனை பதிலுக்கு மூடித் திறக்கும், அறிமுகமில்லாத ஆளிடம்கூட நெருங்கி வரும் என்று 2020இல் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். புது வீட்டுக்குப் போனதும் முதல் பத்து நிமிடம் நான் செய்வது அது மட்டுமே. தரையில் உட்கார்ந்து, பூனையைப் பார்க்காமல், பார்க்க நேர்ந்தால் கண்ணை மெல்ல மூடித் திறப்பேன். கொடுத்த காபி ஆறிப்போகும்.

சான்றிதழ் என்று வந்தால், 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச விலங்கு நடத்தை ஆலோசகர் சங்கம், சுருக்கமாக ஐ.ஏ.ஏ.பி.சி., பூனைக்கென்றே தனிச் சான்றிதழ் தருகிறது. பரீட்சை எழுதி வாங்கிவிடும் காகிதம் அல்ல அது. ஆலோசனை செய்த நேரக் கணக்கு, படித்த நேரக் கணக்கு, கையாண்ட வீடுகளைப் பற்றிய விரிவான குறிப்புகள், பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் கேட்பார்கள். நோட்டு போட்டவர்களுக்கு இது பாதி முடிந்த வேலை. பிரிட்டனில் 1958இல் தொடங்கிய, இன்று இன்டர்நேஷனல் கேட் கேர் என்ற பெயரில் இயங்கும் அமைப்பின் பாடங்களும் தரமானவை. எல்லாம் ஆங்கிலத்தில், கட்டணமும் வெளிநாட்டுப் பணத்தில். அதனால் முதல் வருடமே சேராதீர்கள். ஒரு விலங்கு மீட்பு இல்லத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் கூண்டு கழுவிவிட்டு, பிறகு சேருங்கள். பயந்த பூனை, நோயுற்ற பூனை, கடிக்கும் பூனை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேறு வழி கிடையாது. அங்கே போகும் முன்பே டாக்டரிடம் கேட்டு ரேபிஸ் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பூனை கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் வைத்து மூடாதீர்கள்.

நம் நாட்டில் 'பூனை நடத்தை ஆலோசகர்' என்று பலகை மாட்ட யாரும் உரிமம் கேட்பதில்லை. அதனாலேயே எல்லையை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து எழுதுவதும் நோய் இது என்று சொல்வதும் 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. நான் எந்த வீட்டுக்கும் டாக்டர் சீட்டுப் பார்க்காமல் ஆலோசனை சொல்வதில்லை. மலம், மூத்திரம் போக வைத்த ட்ரேயை விட்டுவிட்டு வேறிடத்தில் போகும் பூனை என்றால் முதலில் மூத்திரப் பரிசோதனை, கிழப் பூனை என்றால் மூட்டு. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்ததில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. உயரமான விளிம்புள்ள ட்ரேக்குள் ஏறவே அதற்கு வலிக்கும்போது நீங்கள் என்ன பழக்கம் சொல்லிக் கொடுக்க முடியும்? டாக்டர் தேவைப்பட்டால் பாலக்காட்டிலிருந்து மண்ணுத்திக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவேன், கோவைப் பக்கம் என்றால் அங்கேயே பார்க்கச் சொல்வேன். உங்கள் ஊர் டாக்டர்களிடம் முதலிலேயே போய்ப் பழகிக்கொள்ளுங்கள். எனக்கு வரும் வீடுகளில் பெரும்பகுதி டாக்டர்கள் சொல்லி வருவதுதான்.

வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன். வேலந்தாவளம் பக்கம், ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த மாதம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கும் தெரியும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் பூனைகள், செம்பி, மணி. நாலு வருடம் ஒரே சாக்கில் தூங்கியவை திடீரென்று ஒன்றை ஒன்று கண்டால் அடித்துக்கொண்டன. வீட்டுப் பெரியம்மா சொன்னார்: "கண்ணு பட்டுப்போச்சு அம்மிணி. ஒண்ணோட மூஞ்சிய ஒண்ணு பாத்தாலே உறுமுதுங்க. ஒண்ண எங்காச்சும் உட்டுட்டு வந்தரலாமுன்னு பையன் சொல்றான்." முதல் சண்டை எந்த நாள், எத்தனை மணி, யார் எங்கே இருந்தார்கள் என்று கேட்டேன். யாருக்கும் நினைவில்லை. கடைசியில் மருமகளின் போனில் வெல்டருக்கு அனுப்பிய ஒரு செய்தி கிடைத்தது. கொட்டகைத் தகரம் காற்றில் பிய்த்துக்கொண்டு விழுந்த ராத்திரி அது. இரண்டும் ஒரே ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருக்கின்றன. தகரம் இடிபோல விழுந்ததும் செம்பி மிரண்டு, பக்கத்தில் கிடைத்த மணி மேல் பாய்ந்திருக்கிறாள். அதன் பிறகு மணிக்கு செம்பியின் முகமே அந்த இடிச் சத்தம், செம்பிக்கோ மணியின் உறுமலே ஆபத்து. திசை மாறிய தாக்குதல் என்று இதைச் சொல்வோம்.

இரண்டையும் முழுக்கப் பிரித்தோம். ஒன்று முன்னறை, ஒன்று பின்னறை. தனித் தட்டு, தனித் தண்ணீர், தனி ட்ரே. மூன்று நாள் கண்ணிலேயே படக்கூடாது. ஒரு துண்டால் ஒன்றின் கன்னத்தைத் துடைத்து மற்றதன் சோற்றுத் தட்டின் கீழ் விரித்தோம். பிறகு மூடிய கதவின் இருபுறமும் ஆறடி தள்ளி ஒரே நேரத்தில் மத்தி மீன். தலை நிமிராமல் தின்றால் மட்டும் மறுநாள் அரையடி முன்னே. நிமிர்ந்தால் அரையடி பின்னே. அப்புறம் கதவுக்குப் பதில் கொசுவலை. இதையெல்லாம் கவனித்துக் குறித்தது அந்தப் பெரியம்மாதான். தினமும் கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலில் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். 36ஆம் நாள் தாளில் இருந்தது: 'தின்னுச்சு. காது முன்னால. வாலு சும்மா கெடந்துச்சு. வலைக்கு அந்தாண்ட மூக்கு வெச்சுப் பாத்துச்சு.' நான் முதன்முதலாகக் கற்றுக்கொடுத்த பாடத்தை என்னைவிட நன்றாக எழுதியிருந்தார். அந்தத் தாளை எனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

எல்லா வீடும் இப்படி முடிவதில்லை. சுற்றியிருப்பவர்கள் பேச்சுக்குப் பயந்து, பூனை குறுக்கே போனால் ஆகாது என்று, பயிற்சி பாதியில் இருக்கும்போதே பூனையைச் சாக்கில் கட்டித் தூரத்தில் விட்டுவிட்டு வந்த வீடும் உண்டு. அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை அவர்களிடம் காட்டியிருந்தால் அந்தத் தெருவில் இன்னொரு வீடும் என்னைக் கூப்பிட்டிருக்காது. இந்தத் தொழிலில் பூனையோடு இருக்கும் நேரம் குறைவு, மனிதரோடு பேசும் நேரம்தான் அதிகம். வீட்டில் யார் காலையில் முதலில் எழுகிறார்கள், மிக்ஸி எங்கே ஓடுகிறது, வொர்க் ஏரியாவில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில்தான் ட்ரே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஓட்டு வீட்டில் அட்டாலி இருந்தது, விட்டம் இருந்தது, பயந்தால் ஏறிக்கொள்ளப் பூனைக்கு உயரம் இருந்தது. டைல்ஸ் போட்ட புது வீட்டில் சோபாவுக்கு அடியைத் தவிர ஒன்றுமில்லை. அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவச் சங்கமும் 2013இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் பூனையின் முதல் தேவையாகச் சொன்னது பத்திரமான ஓர் இடம். அலமாரி மேல் ஒரு பழைய துண்டை விரித்து, ஏற ஒரு ஸ்டூல் போட்டதிலேயே தீர்ந்துபோன வீடுகள் என் நோட்டில் உண்டு. யாரையும் குற்றம் சொல்லாமல் இதைச் சொல்லத் தெரிய வேண்டும். வளர்ப்பவர் கூச்சப்பட்டு உண்மையை மறைத்துவிட்டால் உங்கள் கண் பாதி போயிற்று.

வருமானத்தை மறைக்காமல் சொல்கிறேன். முதல் வருடம் 11 வீடுகள், அதில் நாலு சொந்தக்காரர்கள், காசு வாங்கவில்லை. ஐந்தாம் வருடம் வரை சொசைட்டி வேலையை விடவில்லை. இப்போது வீடியோவில் பார்க்கும் வீடுகளும் சேர்ந்து குடும்பம் நடக்கிறது. நீங்கள் பி.காம். என்பதால் ஒரு கணக்கு வேலையைப் பிடித்துக்கொண்டு இதைத் தொடங்குங்கள். பணத்துக்கு அவசரப்பட்டால் முதல் நாளே பதில் சொல்லத் தோன்றும். பூனை விஷயத்தில் முதல் நாள் பதில் பெரும்பாலும் தப்பாகவே இருக்கும்.

நாளையே செய்ய வேண்டியது ஒன்று. கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். உங்கள் வீட்டுப் பூனை வேண்டாம், அதன் மேல் பாசம் கண்ணை மறைக்கும். தெருவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம், தொடாமல் கூப்பிடாமல் பாருங்கள். காது, கண், மீசை, முதுகு, வால், கால், எதிரே என்ன இருந்தது, என்ன சத்தம் என்று மட்டும் 30 நாள் எழுதுங்கள். குணம் எதையாவது எழுதிவிட்டால் கிழிக்காதீர்கள், சிவப்பில் அடித்துவிட்டுப் பக்கத்தில் பார்த்ததை எழுதுங்கள். முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் பக்கம்தான். காலையில் 5.30க்கே வந்தால், சொசைட்டிச் சுவரில் உட்கார்ந்திருப்பவற்றையும் சேர்ந்து பார்க்கலாம்.